15,000 வெள்ளி, ஆறு பேர், ஒரு காடி: அல்சாவா, மைவியா, சாகாவா?

பகாவ் கிராணி

எல்லாருக்கும் வணக்கம். பகாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஆபீஸ் கிராணியாக இருக்கிறேன். இத்தனை நாள் ஒரே ஒரு மோட்டார் சைக்கிளை வைத்துச் சமாளித்துவிட்டோம். இனி முடியாது. அம்மாவுக்கு மாதம் ஒருமுறை சிரம்பான் துவாங்கு ஜஃபார் மருத்துவமனையில் பரிசோதனை. ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டுக் காடியை (காரை) கேட்டு, எண்ணெய் ஊற்றி, டிரைவருக்குக் கைச்செலவும் கொடுத்து அனுப்ப வேண்டியிருக்கிறது. கேட்கிற எனக்கே வெட்கமாக இருக்கிறது.

கூட்டு (சீட்டு) எடுத்த பணமும் சேமிப்பும் சேர்த்து 15,000 வெள்ளி (ரிங்கிட்) கையில் இருக்கிறது. கடன் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். வீட்டில் ஆறு பேர்: நான், மனைவி, அம்மா, மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு 13, கடைக்குட்டிக்கு 5. வீட்டிலிருந்து தார் ரோட்டுக்கு வரவே மூன்று கிலோமீட்டர் செம்மண் பாதை.

இதுவரை கண்ணில் பட்டவை: 2010 அல்சா (ஏழு சீட்) 15,500, 2009 மைவி 11,000, 2013 சாகா 10,500. மூன்றும் ஆட்டோ கியர். எதை எடுத்தால் இரண்டு வருடமாவது பெங்கலுக்கு (ஒர்க்‌ஷாப்புக்கு) அலையாமல் இருக்கலாம்?

செம்பனை லோரி

சாகாவை எடுங்கள் அண்ணே. ஸ்பேர் பார்ட்ஸ் மலிவு, எந்தக் கம்பத்து போமெனுக்கும் (மெக்கானிக்குக்கும்) தெரிந்த காடி. சாகாவின் பவர் விண்டோ கெட்டுப்போகும் ஜோக்கை நாடே சொல்லி முடித்துவிட்டதால் நான் சொல்லவில்லை.

பழைய போமென்

கிராணி தம்பி, முப்பது வருடம் கிரீஸில் கை வைத்தவன் சொல்கிறேன். மாடலை அப்புறம் பார்க்கலாம். முதலில் பணத்தைப் பிரித்து வையுங்கள். 15,000 இருந்தால் 15,000க்குக் காடி பார்க்கக் கூடாது. 12,000, மிஞ்சிப்போனால் 13,000. மீதி காடிக்கே போகும். எந்தக் கிழட்டுக் காடியை வாங்கினாலும் முதல் மூன்று மாதத்தில் பேட்டரி, டயர், அப்சாபர் (ஷாக் அப்சார்பர்) என்று கேட்கத்தான் செய்யும். அதற்குப் பணம் இல்லாதவர்கள்தான் காடியை வாசலில் நிறுத்திவிட்டு மறுபடியும் மோட்டாரில் போகிறார்கள்.

இப்போது மாடல். லோரி தம்பி சொன்ன 2013 சாகா ஆட்டோ என்றால் அதில் இருப்பது சீவீடி கியர் பாக்ஸ், படிப்படியாகக் கியர் மாறாமல் பெல்ட்டில் ஓடும் வகை. பராமரித்த சீவீடி ஓடும். ஆனால் முன்னால் ஓட்டியவர் எண்ணெய் மாற்றினாரா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியாது. கெட்டுப்போனால் உங்கள் பட்ஜெட்டில் அது பெரிய அடி. சாகா வேண்டுமென்றால் மேனுவல் பாருங்கள், அருமையான காடி. இன்னொன்று, அந்த கேம்ப்ரோ எஞ்சினில் டைமிங் பெல்ட் இருக்கிறது. எண்பது, தொண்ணூறு ஆயிரம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை முட்டும், எஞ்சின் தலையைக் கழற்ற வேண்டிவரும். மாற்றியதற்கு ரசீது இல்லையா? மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

2005இல் வந்த முதல் மைவி 1.3, 2009 கடைசியில் வந்த அல்சா 1.5, இரண்டிலும் பெல்ட் கிடையாது, செயின். ஆட்டோ கியரும் பழைய நாலு கியர் வகை, சீவீடி இல்லை. அதனால்தான் போமென்கள் கண்ணை மூடிக்கொண்டு இவற்றைச் சொல்கிறோம். அதற்காகச் செயின் சாகாவரம் பெற்றது என்று நினைக்காதீர்கள். எஞ்சின் எண்ணெயை மாற்றாமல் ஓட்டினால் அதுவும் தளர்ந்து, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கரகரவென்று சத்தம் போடும்.

ரொம்பின் தம்பி

எல்லாரும் ஏன் பழைய இரும்பையே பார்க்கிறீர்கள்? பேஸ்புக்கில் 2019 பெசா ஒன்று பார்த்தேன். 3,000 கையில் கொடுத்துவிட்டு மாதம் 480 தொடர்ந்து கட்டினால் போதுமாம். பின்னால் சாமான் வைக்க 508 லிட்டர் இடம். இதைத்தான் சம்போங் பாயார் என்கிறார்கள், ஒரு தொல்லையும் இல்லை.

சிரம்பான்காரன்

தம்பி, தொல்லையே அதுதான். இன்னொருவர் பெயரில் உள்ள பேங்க் கடனை நீங்கள் கட்டுகிறீர்கள், கெரானில் (காடியின் பதிவுப் பத்திரத்தில்) அவர் பெயர், காடி பேங்குக்குச் சொந்தம். பேங்க் சம்மதம் இல்லாமல் இப்படிக் கை மாற்றுவது சட்டப்படி குற்றம். நீங்கள் மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டியபிறகு பழையவர் வந்து 'என் காடி' என்று சாவியைக் கேட்டால் உங்கள் கையில் ஒரு காகிதமும் இருக்காது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் யார் பெயரில்? அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கிராணி அண்ணனுக்கு இன்னொரு கணக்கு. கடன் வேண்டாம் என்ற முடிவு நல்ல முடிவு. பத்து வருடம் தாண்டிய காடிக்குப் பேங்க் சுலபத்தில் கொடுக்காது, கிரெடிட் கொம்பெனிக்குத்தான் போக வேண்டியிருக்கும். அங்கே 'வட்டி 5 விழுக்காடுதான்' என்பார்கள். அது ஃபிளாட் வட்டி. 10,000 வாங்கி 5 வருடம் கட்டினால் வட்டி மட்டும் 2,500, அதையும் சேர்த்து மாதத் தவணை 208 வெள்ளி. நீங்கள் கட்டக் கட்டக் கடன் குறைகிறது, வட்டி மட்டும் முதல் நாள் தொகைக்கே போடப்படுகிறது. உண்மைக் கணக்கில் அது 9 விழுக்காட்டைத் தொட்டுவிடும்.

இன்சூரன்ஸையும் மறந்துவிடாதீர்கள். விற்பவர் 'எனக்கு 55 விழுக்காடு என்சிடி இருக்கிறது, இன்சூரன்ஸ் மலிவு' என்பார். என்சிடி என்பது கிளைம் செய்யாததற்குக் கிடைக்கும் தள்ளுபடி. அது ஆளோடு போவது, காடியோடு வருவதில்லை. இது உங்கள் முதல் காடி, உங்களுக்குப் பூஜ்யம். முதல் வருடம் முழு விலை, கிளைம் செய்யாமல் இருந்தால் அடுத்த வருடம் 25 விழுக்காடு. ரோட் டெக்ஸ் பெரிய விஷயமில்லை, மைவி 1.3க்கு வருடம் 70 வெள்ளிதான்.

கோலப்பிலா அக்கா

ஆண்கள் எல்லாரும் எஞ்சினையே பேசுகிறீர்கள். ஆறு பேர் என்று அவர் சொன்னதை யாராவது பார்த்தீர்களா? மைவியிலும் சாகாவிலும் ஐந்து பேர்தான். கடைக்குட்டிக்கு ஐந்து வயது. 2020 ஜனவரியிலிருந்து குழந்தை இருக்கை கட்டாயம், அதை வைத்தால் பின்சீட்டில் அதற்கே ஓர் ஆள் இடம் போய்விடும். 'மடியில் வைத்துக்கொள்ளலாம்' என்று சொல்லாதீர்கள்.

ஆனால் தம்பி, இன்னொன்றும் கேட்கிறேன். ஆறு பேரும் ஒன்றாகப் போகும் நாள் வருடத்தில் எத்தனை? அதை எண்ணிப் பார்த்துவிட்டு ஏழு சீட்டுக்குப் பணம் கொடுங்கள். அப்புறம், உங்கள் வீட்டில் வேறு யாருக்கு லைசென்ஸ் இருக்கிறது?

பகாவ் கிராணி

அக்கா கேட்ட கேள்வியை இரவு சாப்பாட்டு மேசையில் வைத்தேன். மனைவி சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியை எடுத்து எண்ண ஆரம்பித்தாள். தைப்பூசம், தீபாவளிக்குத் துணி எடுக்கப் போவது, தீபாவளியன்று தங்கை வீடு, தோட்டக் கோயில் திருவிழாவுக்கு மாமியாரை அழைத்து வருவது, கல்யாணம் நாலைந்து... பதினொரு நாள் வந்தது. 'பதினொரு நாளுக்கு ஏழு சீட்டா?' என்றேன். அம்மா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், 'அந்தப் பதினொரு நாளும் என்னைத்தானே வீட்டில் விட்டுவிட்டுப் போவீர்கள்' என்றார். அத்தோடு மைவிப் பேச்சு முடிந்தது.

மனைவியிடம் லைசென்ஸ் இருக்கிறது, டிஏ. ஆட்டோ மட்டும்தான் ஓட்டலாம். ஆக மேனுவலும் போச்சு. போமென் ஐயா, மன்னிக்கவும், சாகா மேனுவல் பட்டியலில் இல்லை.

பழைய போமென்

அம்மா சொன்ன பிறகு நான் யார்? சரி, அல்சா ஆட்டோ. எக்சோராவையும் சிலர் சொல்வார்கள், இடம் அதிகம், உண்மை. ஆனால் 2011 கடைசியில் வந்த டர்போ எக்சோராவில் ஆட்டோ என்றால் சீவீடி. எஞ்சின் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய்களையும் கவனிக்க வேண்டும். உங்கள் பணத்துக்கு அல்சாவே போதும். மூன்றாவது வரிசை பிள்ளைகளுக்கு மட்டும், அதைத் திறந்துவிட்டால் பின்னால் சாமான் வைக்க இடம் இருக்காது, அதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

பார்க்கப் போகும் முதல் நாளே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். போனதும் பொனெட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும். முதல் ஐந்து விநாடிச் சத்தம், பின்னால் வரும் புகை, இரண்டையும் கவனியுங்கள். நீலப் புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. எண்ணெய் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள், பால் ஆடை மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். ரேடியேட்டர் தண்ணீர் துருப்பிடித்த நிறத்தில் இருந்தால் அந்த ஆள் கூலன்ட்டே ஊற்றியதில்லை. ரேடியேட்டரை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறங்கள்.

பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை ஆரிலிருந்து (R) டீக்கு (D), டீயிலிருந்து ஆருக்கு மாற்றுங்கள். ஒரு விநாடிக்குள் பிடிக்க வேண்டும். 'டொக்' என்று உதைத்தாலோ, யோசித்து யோசித்துப் பிடித்தாலோ கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். பகாவ் சமவெளியில் ஓட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள். எப்படியும் மாதா மாதம் சிரம்பானுக்குப் போகப் போகிறவர், புக்கிட் புத்துஸ் மேட்டில் ஏர்கோனைப் போட்டு நாலு பேரை ஏற்றி ஓட்டுங்கள். ஏறி முடிக்கும்போது சூடு காட்டும் விளக்கு, கியர் மாறும் விதம் இரண்டும் தெரிந்துவிடும்.

மீட்டரை நம்பவே நம்பாதீர்கள். 78,000 என்று காட்டும், பிரேக் பெடல் ரப்பர் கண்ணாடி மாதிரி தேய்ந்திருக்கும்.

செம்பனை லோரி

புஸ்பாகோம் (வாகனப் பரிசோதனை மையம்) பாஸ் என்றால் பயமில்லை அல்லவா?

பழைய போமென்

பெயர் மாற்றத்துக்கு எடுக்கும் பி5 பரிசோதனை முக்கியமாகக் காடியின் அடையாளத்தைப் பார்ப்பது. எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் கெரானோடு பொருந்துகிறதா, எங்காவது வெட்டி ஒட்டியிருக்கிறதா, கண்ணாடிக் கறுப்பு அளவோடு இருக்கிறதா. கடனுக்கு என்றால் பி7. பி5 பாஸ் ஆன காடியில் கியர் பாக்ஸ் நாளைக்கே போகலாம். அது வேறு, இது வேறு.

பகாவ் கிராணி

நேற்று சிரம்பான் பக்கம் ஒரு காடிக் கடையில் 2012 அல்சா பார்த்தேன். 13,800. விலையைப் பார்த்ததும் மனைவி 'இதுதான்' என்று முடிவே செய்துவிட்டாள். பளபளப்பு, டயருக்குக்கூட மினுக்கு எண்ணெய், உள்ளே எலுமிச்சை வாசனை மூக்கைத் துளைத்தது. அந்த வாசனைதான் என்னைச் சந்தேகப்பட வைத்தது. எதற்கு இவ்வளவு?

யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வர, டிரைவர் பக்கத்து சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். மேலே கறுப்பு. கடைசி ஒரு முழம் மட்டும் தேத்தண்ணீரில் ஊறியது போல் பழுப்பு, ஓரத்தில் கோடு போட்டாற்போல் கறை. சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, அடியில் தண்டவாளத்தின் போல்ட்டை விரலால் தடவினேன். துரு. அதன் இடுக்கில் மைலோ டின்னின் அடியில் ஒட்டியிருக்குமே, அந்த மாதிரி மெல்லிய காய்ந்த சேறு. பின் விளக்குக்குள்ளும் ஆவி பிடித்திருந்தது. கேட்டால், 'முன்னால் வைத்திருந்தவர் அடிக்கடி கடற்கரைக்குப் போவார்' என்றார் விற்பவர். கடற்கரைக்குச் சீட் பெல்ட்டையா கழற்றிக்கொண்டு போனார்?

சிரம்பான்காரன்

தப்பித்தீர்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா பக்கம் மட்டும் எத்தனை காடி மூழ்கியது என்று அன்றைய படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்படி மூழ்கியவற்றில் சில கழுவித் துடைத்து வேறு மாநிலத்தில் விற்பனைக்கு வருவது உண்டு. எஞ்சினைச் சரிசெய்யலாம். வயரிங், கம்ப்யூட்டர் பெட்டி, ஏர்பேக் இவற்றில் புகுந்த தண்ணீர் ஆறு மாதம் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

ஏர்பேக் என்றதும் ஞாபகம் வருகிறது. படிப்பவர்களில் யாராவது பழைய ஹோண்டா சிட்டி, ஜாஸ், டொயோட்டா வியோஸ் பார்த்துக்கொண்டிருந்தால் தக்காட்டா நிறுவனத்தின் பழைய ஏர்பேக்கை மாற்றியாகிவிட்டதா என்று சேசிஸ் எண்ணை வைத்து அந்தந்த நிறுவனத்திடம் கேளுங்கள். நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் உள்ளே இருக்கும் வெடிமருந்து கெட்டு, விபத்தின்போது அதன் இரும்புக் கூடு துண்டுகளாகச் சிதறும். மலேசியாவிலேயே உயிர் போயிருக்கிறது. மாற்றுவது இலவசம். இலவசத்தைக்கூட செய்யாமல் ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கோலப்பிலா அக்கா

தம்பி, கடையை விடுங்கள். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு மலாய் அக்கா 2011 அல்சா ஆட்டோ விற்கிறார். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள், சின்னக் காடி போதுமாம். 13,500 சொல்கிறார். கிலோமீட்டர் 1,68,000, பார்த்ததும் பயப்படாதீர்கள். சர்வீஸ் புத்தகம் முழுக்க முத்திரை இருக்கிறது, நானே புரட்டிப் பார்த்தேன். அவர் காடியில் நானும் சந்தைக்குப் போயிருக்கிறேன், வேகத்தடை ஏறும்போது முன்னால் கொஞ்சம் சத்தம் வரும். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பழைய போமென்

முத்திரையோடு வரும் 1,68,000, வெறும் வாய் சொல்லும் 78,000ஐ விட நூறு மடங்கு மேல். கிராணி தம்பி, சனிக்கிழமை நானே வருகிறேன். மதியச் சாப்பாடு போட்டால் போதும்.

செம்பனை லோரி

வாங்கும் முன்பே ஒன்று சொல்லிவிடுகிறேன், யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். செம்பனைத் தோட்டத்தில் எலிதான் ராஜா. மேனேஜ்மென்ட் ஆந்தைக் கூண்டு வைத்தும் தீர்ந்தபாடில்லை. என் காடியைப் பத்து நாள் எடுக்காமல் நிறுத்தியிருந்தேன், பொனெட்டைத் திறந்தால் எஞ்சின் மேல் வைக்கோல் மெத்தை, பக்கத்தில் கடித்த செம்பனைப் பழம், இரண்டு வயர் அறுந்து தொங்குகிறது. 380 வெள்ளி. இரவில் காடியைப் புல் ஓரத்தில் நிறுத்தாதீர்கள், இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது பொனெட்டைத் திறந்து பாருங்கள். உள்ளே சாப்பாட்டுப் பொட்டலம் கிடக்கவே கூடாது. செம்மண் ரோடு என்பதால் ஏர் ஃபில்டரையும் புத்தகம் சொல்வதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

பகாவ் கிராணி

சனிக்கிழமை கதை. போமென் ஐயா சொன்ன நேரத்துக்கு வந்தார். காடிக்காரர் ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருந்தார், பொனெட் பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருந்தது. ஐயா ஒரு வார்த்தை பேசவில்லை. சாவியைத் திருப்பினார், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எண்ணெய்க் குச்சியை இழுத்து முகர்ந்தார். பிறகு கீழே பழைய பேப்பரை விரித்துப் படுத்து, டார்ச் அடித்து முன் சக்கரத்துக்கு உள்பக்கம் பத்து நிமிடம் பார்த்தார். முன்கதவுக்கு மேலே உள்ள ரப்பரைக் கொஞ்சம் இழுத்து, வெல்டிங் புள்ளிகள் கம்பெனியில் வைத்தபடியே வரிசையாக இருக்கின்றனவா என்று எனக்குக் காட்டினார். 'பெரிய அடி படவில்லை' என்றார். அதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை.

புக்கிட் புத்துஸ் ஏற்றத்தில் ஏர்கோன் போட்டு ஐந்து பேரோடு ஏறினோம். மெதுவாகத்தான் ஏறியது, முனகியது, ஆனால் சூடு காட்டவில்லை. கியர் தடுமாறவில்லை. முன் அப்சாபர் இரண்டும் ஒழுகுகிறது, லோவர் ஆர்ம் புஷ் கிழிந்திருக்கிறது, அதுதான் அக்கா சொன்ன சத்தம். டயர் நாலும் 2017இல் செய்தவை, பள்ளம் நன்றாக இருந்தாலும் ஓரத்தில் வெடிப்பு.

ஐயா இதையெல்லாம் ஒரு காகிதத்தில் விலையோடு எழுதி அந்த அம்மாளிடம் நீட்டினார். பேரம் பேசவே இல்லை. அவர் வாசித்துவிட்டு 12,600 என்றார்.

சிரம்பான்காரன்

கைகொடுங்கள். பணம் கொடுக்கும் முன் கெரானில் பேங்க் உரிமைக் கோரிக்கை நீக்கப்பட்டுவிட்டதா, பாக்கி சம்மன் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தடை இருந்தால் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) பெயர் மாறாது. டிப்போசிட் 300, 500க்கு மேல் வேண்டாம், ரசீது எழுதி வாங்குங்கள். முழுப் பணம், பெயர் மாறும் நாளில்.

பகாவ் கிராணி

எல்லாம் பார்த்தாகிவிட்டது. பேங்க் கடன் 2020லேயே முடிந்திருக்கிறது, சம்மன் ஒன்று இருந்தது, அவரே கட்டிவிட்டார். பி5 எடுத்தாயிற்று, திங்கட்கிழமை இருவரும் ஜேபிஜேயில் கட்டைவிரல் வைக்கிறோம். கையில் 2,400 மிச்சம். இன்சூரன்ஸ், ரோட் டெக்ஸ் போக மீதி அப்சாபருக்கும் டயருக்கும்.

அம்மாவை ஒருமுறை உட்கார்த்திப் பார்த்தோம். இரண்டாவது வரிசையில் ஜன்னலோரம். கடைக்குட்டி மூன்றாவது வரிசையைத் தன் பெயரில் எழுதி வாங்கிவிட்டான்.

போமென் ஐயா, ஒரு கேள்வி. நாலு டயரையும் ஒன்றாக மாற்றப் பணம் போதாது போலிருக்கிறது. முதலில் இரண்டு போட்டால் முன்னாலா, பின்னாலா?

பழைய போமென்

புதியது பின்னால். மழையில் பின்பக்கம் வழுக்கினால் காடி சுழன்றுவிடும், பிடிக்க முடியாது. ஆனால் வெடித்திருக்கும் பழைய டயரில் அம்மாவை ஏற்றிச் சிரம்பானுக்குப் போகாதீர்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் டயர் அளவு ஒட்டியிருக்கும், அதை எழுதி அனுப்புங்கள். ரொம்பினில் தெரிந்த கடை இருக்கிறது, நாலுக்கும் விலை கேட்டுச் சொல்கிறேன்.